வரி முடிவின் வரலாறு: யூனிக்ஸ், டாஸ், இடையில் ஓர் அச்சுப்பொறி

1990களில் வீட்டுக் கணினியில் லினக்ஸை நிறுவி, அதன் பேரலல் போர்ட்டில் செருகிய அச்சுப்பொறிக்கு ஓர் எளிய உரைக்கோப்பை அனுப்பியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். முதல் வரி இடது ஓரத்தில் ஒழுங்காகத் தொடங்கியது. இரண்டாம் வரியோ, முதல் வரி முடிந்த இடத்திற்கு நேர் கீழே தொடங்கியது. மூன்றாவது இன்னும் வலப்புறம் தள்ளிச் சென்றது. நான்கைந்து வரிகளில் எழுத்துகள் தாளின் வலது விளிம்பை எட்டிவிட, எஞ்சியவை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கருமையாகின, அல்லது காணாமலே போயின. இதற்குப் ‘படிக்கட்டு விளைவு’ என்று பெயர். அதே கணினியில், அதே அச்சுப்பொறியில், டாஸ் இயக்கத்தில் எழுதிய கோப்பு எவ்விதச் சிக்கலும் இல்லாமல் அச்சானது.

தீர்வு என்னவோ ஒரே வரி நிரல்தான். ஆதலால் இச்செய்தி கணினிக் கையேடுகளின் சிக்கல் தீர்க்கும் பகுதிகளோடு நின்றுவிட்டது. ஆனால் அந்தப் படிக்கட்டின் அடியில், உரை என்பது என்ன என்பது பற்றிய ஒரு பழைய கருத்து வேறுபாடு கிடக்கிறது. கோப்பில் இருப்பது ஒருவர் எழுதியதன் பதிவா, அல்லது ஒரு பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொடரா? யூனிக்ஸும் டாஸும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடை சொன்னவை. இரண்டுக்கும் தக்க காரணம் உண்டு என்பதே என் வாதம். டாஸின் விடையை அறியாமையின் விளைவு என்று எள்ளும் வழக்கம் கணினித்துறையில் உண்டு. அது வரலாற்றுக்குப் பொருந்தாது.

தட்டச்சுப் பயிலகத்தில் பயின்றவர்கள் அறிவார்கள். வரி முடிந்ததும் மணி ஒலிக்கும். இடக்கையால் நெம்புகோலைத் தள்ளினால் தாள் ஒரு வரி மேலேறும், கேரேஜ் வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும். கை செய்வது ஒரு செயல், பொறி செய்வது இரண்டு. தொலைவிலுள்ள பொறி ஒன்றைக் கம்பி வழியே இயக்க முற்பட்டபோது இந்த இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டியதாயிற்று. எமில் போடோ 1874இல் காப்புரிமை பெற்ற தந்திக் குறியீட்டை நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மர்ரே 1901ஆம் ஆண்டளவில் திருத்தியமைத்தார். தட்டச்சுப் பலகையோடு தந்தியை இணைத்த அவருடைய குறியீட்டில்தான் எழுத்தல்லாத, தாளை மட்டுமே ஆளும் குறிகள் இடம்பெற்றன. அவற்றின் வழித்தோன்றல்களே கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்னும் இரண்டும். சென்னை கிண்டியில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனத்தின் பொறிகளில் தந்தியும் டெலக்ஸும் அனுப்பிய நம் ஊர் ஊழியர்களின் விரல்களும் இவ்விரு விசைகளையும் அறிந்தவைதாம்.

இரண்டாகப் பிரித்ததில் எதிர்பாராத ஒரு நன்மையும் இருந்தது. 1963இல் சந்தைக்கு வந்த டெலிடைப் மாடல் 33 என்னும் பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. ஓர் எழுத்துக்கு 0.1 நொடி. அச்சுமுனை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப இதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். திரும்பும் குறியை மட்டும் அனுப்பி உடனே அடுத்த எழுத்தை அனுப்பினால், அவ்வெழுத்து தாளின் நடுவில் எங்கேயாவது விழும். எனவே முதலில் திரும்பும் குறி, அடுத்துத் தாளை நகர்த்தும் குறி என்னும் வரிசை வழக்கமாயிற்று. தாள் நகரும் நேரத்தில் அச்சுமுனை மீதித் தொலைவைக் கடந்துவிடும். அதுவும் போதாத இடங்களில் ஒன்றும் செய்யாத வெற்றுக் குறிகளை இட்டு நிரப்பினார்கள். இன்று விண்டோஸ் கோப்பு ஒவ்வொன்றிலும் 13க்குப் பின் 10 வருவதும், ஒருபோதும் 10க்குப் பின் 13 வராததும் அந்த உலோகத் துண்டின் பயண நேரத்தால் விளைந்தவை.

13, 10 என்று எண்களால் சொன்னேன். 1963இல் வெளியான ஆஸ்கி தரத்தில் கேரேஜ் ரிட்டர்னுக்கு 13ஆம் இடமும் லைன் ஃபீட்டுக்கு 10ஆம் இடமும் வழங்கப்பட்டன. இனி அவ்வெண்களாலேயே குறிப்பிடுகிறேன். தரத்தை வகுத்தவர்கள் முழுமையாக ஒருமனப்படவில்லை என்பது அதன் திருத்தங்களில் தெரிகிறது. 1968ஆம் ஆண்டுத் திருத்தம், அனுப்புபவரும் பெறுபவரும் உடன்பட்டால் 10ஐ மட்டுமே ‘புதுவரி’ என்று கொள்ளலாம் என இடமளித்தது. ஒரு தரநிலை ஆவணம் இரண்டு வழக்குகளையும் செல்லும் என்று எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த அறுபது ஆண்டுகள் சான்று.

அந்த இடைவெளியைப் பயன்படுத்திய முதற்பெரும் முயற்சி மல்டிக்ஸ். எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் 1960களின் நடுவில் கூட்டாகத் தொடங்கிய இயக்கமுறைமை அது. அதன் முனையங்கள் பலவகை. ஒவ்வொன்றும் வரியை வேறுவேறு விதமாக முடிக்கும். கோப்பு எந்த முனையத்தின் இயல்பைப் பின்பற்றுவது? எதையும் பின்பற்ற வேண்டாம் என்பதே மல்டிக்ஸ் குழுவின் முடிவு. கோப்பில் 10 என்ற ஒரே குறி; அதன் பொருள் ‘வரி முடிந்தது’ என்பது மட்டுமே. முனையத்திற்கு என்ன அனுப்ப வேண்டும் என்பதை இடையிலுள்ள மென்பொருள் முடிவு செய்யும்.

ஜெரோம் சால்ட்சரும் ஜோ ஒசானாவும் 1970இல் எழுதிய மாநாட்டுக் கட்டுரைகளில் இச்சிந்தனை விரிவாக உள்ளது. அவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது நியமவடிவம் என்னும் கருத்து. பயனர் ஒரு சொல்லைத் தட்டிவிட்டுப் பின்னோக்கிச் சென்று அடிக்கோடு இட்டிருக்கலாம். ஒவ்வோர் எழுத்தாக அடிக்கோடிட்டுக்கொண்டே போயிருக்கலாம். முதலில் கோட்டை இட்டு அதன்மேல் எழுத்தை அடித்திருக்கலாம். தாளில் மூன்றும் ஒன்றே. எனவே நினைவகத்திலும் மூன்றும் ஒரே குறித்தொடராக மாற்றி வைக்கப்பட வேண்டும் என்றார்கள். தமிழ் ஒருங்குறியில் ‘கொ’ என்பதைத் தனிக்குறியாலும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்னும் இரு குறிகளாலும் எழுதலாம். தேடும்போது இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்பட இயல்பாக்கம் தேவை. தமிழ் மின்னுரைகளில் பணிபுரியும் மாணவர்கள் அன்றாடம் படும் இந்தப் பாட்டின் மூதாதை மல்டிக்ஸ் முனையத்தில் இருக்கிறது.

1969இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கிருந்து வெளிவந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை எழுதினார்கள். ‘வரிக்கு ஒரே குறி’ என்னும் கொள்கையும் அவர்களோடு வந்தது. ஒசானாவும் வந்தார். இங்கே அச்சின் பங்கு முதன்மையானது. யூனிக்ஸ் குழுவுக்குப் புதிய பிடிபி-11 கணினி கிடைத்தது, உரைத் தயாரிப்புக்கான முறைமை ஒன்றை உருவாக்கித் தருகிறோம் என்ற முன்மொழிவால்தான். அதன் முதல் வாடிக்கையாளர் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவு. விண்ணப்பங்களை அழகாக அடித்துத் தருவதே யூனிக்ஸ் செய்த முதல் சம்பளப் பணி எனலாம். பின்னர் ஒளிஅச்சுக்கோப்புப் பொறிக்கு டிராஃப் நிரலை எழுதியவரும் ஒசானாவே. வரி முடிவைப் பொறியிலிருந்து பிரித்தெடுத்தவரும், அச்சைப் பற்றி மிகுதியாகச் சிந்தித்தவரும் ஒருவரே என்பதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

பொறியின் இயல்புகளை யூனிக்ஸ் மறந்துவிடவில்லை. அவற்றை ஓரிடத்தில் ஒதுக்கிவைத்தது. முனைய இயக்கி 10ஐக் கண்டால் 13, 10 என்று இரண்டாக அனுப்பும். திரும்பும் அச்சுமுனைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் அங்கே அமைப்பு உண்டு. இன்றைய லினக்ஸ் மடிக்கணினி ஒன்றில் எஸ்டிடிஒய் ஆணையை எல்லா அமைப்புகளையும் காட்டுமாறு இயக்கிப் பாருங்கள். ‘என்எல்0’, ‘சிஆர்0’ என்று இரண்டு சொற்கள் தெரியும். புதுவரிக்குத் தாமதம் இல்லை, கேரேஜ் திரும்பத் தாமதம் இல்லை என்று பொருள். அசையும் உறுப்பே இல்லாத திரைக்கு இந்த அறிவிப்பு!

டாஸின் குலம் வேறு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் இயக்கமுறைமைகள் 13, 10 இரண்டையும் கோப்பிலேயே வைத்தன. அவற்றோடு பழகிய கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் அதையே கைக்கொண்டது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் 1980இல் எழுதிய இயக்கமுறைமை சிபி/எம்மை ஒட்டியது. அதை மைக்ரோசாஃப்ட் வாங்கி, 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினிக்கு டாஸ் என வழங்கியது.

சிபி/எம் இயங்கிய பொறிகளின் நினைவகம் அதிக அளவாக 64 கிலோபைட். ஐபிஎம் தனிக்கணினியின் மிகச் சிறிய வடிவம் 16 கிலோபைட்டோடு விற்கப்பட்டது. சிபி/எம்மில் அச்சுக்கான அடிப்படைச் செயல்கூறு செய்தது ஒன்றே: கொடுத்த ஓர் எழுத்தை அப்படியே அச்சுப்பொறிக்கு அனுப்புவது. இடையில் மொழிபெயர்ப்பாளர் என்று யாரும் இல்லை. டாஸில் காப்பி ஆணையால் ஒரு கோப்பைப் ‘பிஆர்என்’ என்னும் பெயருக்கு நகலெடுத்தால் அச்சாகிவிடும். கோப்பும் அச்சுப்பொறியும் ஒரே மொழி பேசுவதால்தான் இந்த எளிமை கிடைத்தது. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பலர் பகிரும் பெரும்பொறிக்கு மல்டிக்ஸின் விடை பொருந்தியது. மேசைமேல் ஒருவர் வைத்திருக்கும் சிறுபொறிக்கு டாஸின் விடை பொருந்தியது. அதே மைக்ரோசாஃப்ட் 1980இலேயே செனிக்ஸ் என்ற பெயரில் யூனிக்ஸையும் அறிவித்திருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இது இரு முகாம்களின் பகை அன்று என்பது விளங்கும். ஆப்பிளோ மூன்றாவது வழியில் சென்று 13ஐ மட்டும் வைத்துக்கொண்டது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது யூனிக்ஸ் வழிக்குத் திரும்பியது.

அச்சுப்பொறி உற்பத்தியாளர்கள் எல்லாருக்கும் விற்க வேண்டியவர்கள். 1980களின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவிய எப்சன் எம்எக்ஸ்-80 வகைப் பொறியை ஐபிஎம்மும் தன் பெயரில் விற்றது. அப்பொறிகளின் உள்ளே சிறு சுவிட்சுகள் இருந்தன. அவற்றில் ஒன்று, 13 வந்தால் தாளையும் தானே நகர்த்தலாமா என்று தீர்மானிக்கும். சென்ட்ரானிக்ஸ் இணைப்பின் 14ஆம் கம்பியும் இதே வேலைக்கானது. சுவிட்சைப் போட்டுவிட்டு டாஸ் கோப்பை அனுப்பினால் ஒவ்வொரு வரிக்கும் தாள் இருமுறை நகர்ந்து, பக்கம் இடைவெளி விட்டு அச்சாகும். சுவிட்சைப் போடாமல் பழைய ஆப்பிள் கோப்பை அனுப்பினால் முழுக் கட்டுரையும் ஒரே வரியின்மேல் அடிக்கப்பட்டுத் தாள் கிழியும். யூனிக்ஸ் கோப்பை அனுப்பினால் படிக்கட்டு. 1984இல் வந்த எச்பி லேசர்ஜெட் இதைச் சுவிட்சிலிருந்து மென்பொருளுக்கு மாற்றியது. எஸ்கேப் குறியும் அதைத் தொடர்ந்து நான்கு எழுத்துகளும் அனுப்பினால், இனி 10ஐ 13, 10 என்று கொள்வேன் என அது ஒப்புக்கொள்ளும்.

இப்போது லினக்ஸ் படிக்கட்டுக்கு வருவோம். யூனிக்ஸின் கொள்கை, இடையில் ஒருவர் 13ஐச் சேர்ப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. முனையத்திற்கு அந்த ஒருவர் இருந்தார். தனிக்கணினியின் பேரலல் போர்ட்டுக்கான லினக்ஸ் இயக்கியோ, வரும் பைட்டுகளை அப்படியே வெளியே தள்ளியது. டாஸ் உலகுக்காகச் செய்யப்பட்ட அச்சுப்பொறியோ, கோப்பிலேயே 13 இருக்கும் என்று எதிர்பார்த்தது. ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று விட்ட பணி யாராலும் செய்யப்படவில்லை. இந்த வெற்றிடத்தில் வந்தமர்ந்ததே வடிகட்டி என்னும் சிறு நிரல். அச்சு வரிசையை ஆளும் பிரிண்ட்கேப் கோப்பில் அதன் பெயரைக் குறித்துவிட்டால், ஒவ்வோர் அச்சுப் பணியும் அதன் வழியே செல்லும். அது வரியைப் படிக்கும், இறுதிக் குறியை நீக்கும், 13, 10 இரண்டையும் ஒட்டும், முடிவில் தாளை வெளித்தள்ளும் குறியை அனுப்பும். லேசர்ஜெட் வைத்திருந்தவர்கள் மேற்சொன்ன எஸ்கேப் தொடரை முன்னால் ஒட்டிவிட்டுக் கோப்பை அப்படியே விட்டார்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிக்காரர்களுக்கு இத்தொல்லையே இல்லை. அம்மொழி மூன்று வகை வரி முடிவையும் ஒன்றாகவே ஏற்கும்.

வடிகட்டியை விரும்பாதவர்கள் கோப்பையே மாற்றினார்கள். செனிக்ஸில் ‘டிடிஓஎக்ஸ்’, ‘எக்ஸ்டிஓடி’ என்று இரு ஆணைகள் இருந்தன; சன் நிறுவனத்தின் யூனிக்ஸில் டாஸ்2யூனிக்ஸ், யூனிக்ஸ்2டாஸ். பின்னவை இன்றும் புழங்குகின்றன. பத்தாயிரம் வரிக் கோப்பு டாஸுக்கு மாறும்போது சரியாகப் பத்தாயிரம் பைட் கூடும். பார்வைக்கு எளிய கணக்கு. இழப்பு இந்த எளிமையின் ஓரத்தில்தான் நேர்கிறது.

13க்குத் தனித்த பயன் ஒன்று இருந்தது. தாளை நகர்த்தாமல் அச்சுமுனையை மட்டும் திருப்பி, அதே வரியை மறுபடி அடித்தால் எழுத்து தடிக்கும். கோடுகளை அடித்தால் அடிக்கோடாகும். வேர்ட்ஸ்டார் மென்பொருளில் ஒரு வரிமேல் இன்னொன்றை அச்சிடும் வசதி இவ்வாறே இயங்கியது. ‘கோப்பிலுள்ள எல்லா 13ஐயும் நீக்கு’ என்று எழுதப்பட்ட அவசர மாற்றி, அந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும். 10க்கு முன்னுள்ள 13ஐ மட்டும் நீக்கும் மாற்றி அதை விட்டுவைக்கும். வேர்ட்ஸ்டார் இன்னொரு நுட்பமும் வைத்திருந்தது. எழுதுபவர் தாமே எண்டர் விசையை அழுத்தி முடித்த வரிக்கு 13, 10. இடம் போதாமல் மென்பொருளே மடித்த வரிக்கு 141, 10. 141 என்பது 13இன் உயர்பிட்டை ஏற்றியது. பத்தி முடிந்ததா, ஓரம் வந்ததால் திரும்பியதா என்ற வேறுபாடு அந்த ஒற்றைப் பிட்டில் இருந்தது. உயர்பிட்டுகளைக் களைந்து ‘தூய்மை’ செய்த மாற்றிகள் அதை அழித்தன.

ஓலைச்சுவடியோடு பழகியவர்களுக்கு இவ்வேறுபாட்டின் எடை புரியும். ஏட்டில் வரி முடிவது ஓலையின் ஓரத்தால். செய்யுளின் அடி முடிவதால் அன்று. செய்யுளும் உரையும் தொடர்ந்து ஓடும் ஏட்டில் அடி எல்லையை யாப்பறிவால் கண்டு பிரித்தவர்கள் பதிப்பாசிரியர்கள். வரி வேறு, அடி வேறு என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி நமது. கணினிக் கோப்பு இரண்டுக்கும் ஒரே குறியை வைத்தது. இக்குறையைப் போக்க ஒருங்குறி, வரிப்பிரிப்பான் என்றும் பத்திப்பிரிப்பான் என்றும் இரு தனிக்குறிகளை வகுத்தது. அவற்றை ஏறத்தாழ யாரும் பயன்படுத்தவில்லை.

வலையமைப்பின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். டெல்நெட், மின்னஞ்சல் ஆகிய நெறிமுறைகள் கம்பியில் செல்லும் வரிக்கு 13, 10 இரண்டையும் கட்டாயமாக்கின. இரு பக்கமும் யூனிக்ஸாக இருந்தாலும் அதுவே. எஃப்டிபி நெறிமுறையில் உரை முறை, இரும முறை என இரண்டு உண்டு. படக்கோப்பை உரை முறையில் அனுப்பிவிட்டால் அதனுள் தற்செயலாக அமைந்த 10களும் 13களும் மாற்றப்பட்டுப் படம் பாழாகும். இவ்விபத்து எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு 1996இல் வகுக்கப்பட்ட பிஎன்ஜி படவடிவமே ஆவணம். அதன் முதல் எட்டுப் பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இடையிலுள்ள மூன்றும் அவ்வடிவத்தின் பெயர். பின்வரும் 13, 10 இணை யூனிக்ஸுக்கு மாற்றப்பட்டால் குறையும். கடைசித் தனி 10 டாஸுக்கு மாற்றப்பட்டால் பெருகும். இரண்டில் எது நேர்ந்தாலும் கோப்பைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். 26 என்பது சிபி/எம்மும் டாஸும் உரையின் முடிவாகக் கொண்ட குறி. டாஸ் திரையில் கோப்பைக் காட்ட முயன்றால் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு பிஎன்ஜி படத்தின் தலையிலும் இந்த வழக்கின் சுருக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

விண்டோஸின் நோட்பேட், தனித்த 10ஐ வரி முடிவாக ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதுவரை யூனிக்ஸ் கோப்பு அதில் ஒரே நீள வரியாகத் தெரிந்தது. அதனாலேயே மின்னுரைகளைப் பகிர்ந்தவர்கள் பலர் கோப்புகளை முன்கூட்டியே டாஸ் வடிவத்திற்கு மாற்றிவைத்தார்கள். கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவிகள், கேட்டுக்கொண்டால் தாமே மாற்றுகின்றன. இதன் விளைவு ஆய்வாளர்களைத் தொடுகிறது. ஒரே உரையின் இரு நகல்களை ஒப்பிடும் கருவி, ஓர் எழுத்துகூட மாறாத கோப்பில் எல்லா வரியும் மாறிவிட்டதாகச் சொல்லும். கோப்பின் மெய்ம்மையை உறுதிசெய்யும் சரிபார்ப்புத் தொகை பொருந்தாது போகும். 1980, 1990களில் ஃப்ளாப்பியில் உள்ளிடப்பட்ட நிகண்டுகள், சொல்லடைவுகள், கள ஆய்வுக் குறிப்புகள் இன்று பலருடைய மேசையறையில் உள்ளன. அவற்றை முதன்முதலில் நகலெடுக்கும் மாணவர், திறக்க வசதியாக வரி முடிவையும் மாற்றிவிடுவது இயல்பு. அக்கணத்தில், அந்த உரை எந்தப் பொறியில், எந்த மென்பொருளில், எந்த அச்சுப்பொறியை எண்ணி உள்ளிடப்பட்டது என்பதற்கான உள்சான்று மறைந்துவிடுகிறது. சுவடியின் ஏட்டெண்ணையும் கையெழுத்தையும் குறித்துக்கொள்ளும் நாம், இதைக் குறித்துக்கொள்ளத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

அத்தகைய ஃப்ளாப்பிகள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நகலை இரும முறையில், ஒரு பைட்டும் மாறாமல் எடுங்கள். மாற்றங்களை அடுத்த நகலில் செய்யுங்கள். மாற்றும் முன், கோப்பில் 13, 10 இணை எத்தனை, தனி 13 எத்தனை, தனி 10 எத்தனை, 141 இருக்கிறதா, இறுதியில் 26 இருக்கிறதா என்று எண்ணி ஒரு தாளில் எழுதி ஃப்ளாப்பியோடு வையுங்கள். தனி 13கள் மிகுந்த கோப்பு எதையேனும் கண்டால் எனக்கும் சொல்லுங்கள். அது பழைய ஆப்பிள் கணினியிலிருந்து வந்ததா, தடித்த எழுத்துக்காக இருமுறை அடிக்கப்பட்ட தலைப்புகளா என்று சேர்ந்து பார்க்கலாம்.